அரைச் செக்கனில் கடல்நிலை

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா, சீனி மட்டும் கொஞ்சம் கூட. கேட்டதை எல்லாம் சொல்கிறேன். சொல்ல எனக்கும் ஆசைதான், இந்த வேலையைப் பற்றி இதுவரை ஒருவரும் அக்கறையாகக் கேட்டதில்லை.

என் பெயர் சுபாங்கன். மானிப்பாயில் கடை போட்டு இணையத்தளங்கள் செய்கிறேன். வடமராட்சிக் கரையில் ஒரு மீனவர் சங்கத்துக்குக் கடல்நிலைப் பக்கம் செய்து கொடுத்தேன். செயலாளர் பரமலிங்கம் அண்ணை வானிலை பார்த்து அதில் நிறம் போடுவார். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் வள்ளம் இறக்கக் கூடாது.

கரையில் சிக்னல் மோசம். அதோடு பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாராகித் திறக்கப் பதினொரு செக்கன் எடுத்தது. அந்தக் கரையில் மீன்பிடிக்கிற பஞ்சலிங்கம் அண்ணைக்கு என்னைக் கண்டால் பகிடிதான்.

“தம்பி, உன்ரை பக்கம் திறக்கிறதுக்குள்ளை நான் தொழிலுக்குப் போட்டு வந்திடுவன்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கேஷ் போட்டேன். அதாவது, ஒருமுறை தயாரான பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கிற எல்லோருக்கும் அதையே நீட்டுவது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது புதிதாகும். இடையில் மாற்ற வேண்டுமென்றால் நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

ஐயோ, அந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரைச் செக்கன். புழுகம் தாங்காமல் கடைக்குள் தனியாக நின்று துள்ளினேன். “உவன் கெட்டிக்காரனடா” என்று பஞ்சலிங்கம் அண்ணை கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். முந்தி பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால், பொறுமையில்லாமல் செயலாளருக்குப் போன் அடித்துக் கேட்பார்கள். பிறகு ஒருவரும் அடிக்கவில்லை. அதையும் என் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, இந்தப் பக்கத்தை நான் அனுப்பியிருந்த, வேகமான தளங்களுக்கான போட்டியின் இறுதிச் சுற்று. நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் நடுவர்கள் திறந்து பார்ப்பார்கள். காலையிலிருந்து சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். மூன்றே முக்காலுக்குச் செயலாளர் பரமலிங்கம் அண்ணை போன் அடித்தார்.

“தம்பி, காத்து வரப்போகுதாம். நான் சிவப்புப் போட்டிட்டன், என்ரை போனிலை இன்னும் பச்சைதான் நிக்குது. நாலரைக்கு வள்ளம் இறக்கப்போறாங்கள்.”

“ஓம் அண்ணை, இப்ப மாத்திறன்.”

“அப்ப நான் கரைக்கு ஓடத் தேவையில்லையோ?”

“தேவையில்லை அண்ணை. நீங்கள் இருங்கோ.”

பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அழுத்தினால் எடுத்து வைத்ததெல்லாம் அழிந்துபோகும். அடுத்துத் திறக்கிறவருக்குப் பழையபடி பதினொரு செக்கன். அந்த ஆள் நடுவராக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே பொறுத்தேன். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு அழுத்தினேன்.

ஐந்தரைக்கு முடிவு வந்தது. முதற் பரிசு எனக்குத்தான். பக்கத்துக் கடைக்காரர் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மணிக்குக் காற்று எழும்பியது.

பஞ்சலிங்கம் அண்ணையும் மகன் கஜீபனும் போய் இன்றைக்கு ஒன்பது நாள். வெறும் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. “பச்சை எண்டுதானே தம்பி காட்டினது?” என்று அவர் மனைவி பாலேஸ்வரி அக்கா கேட்டார். ஓம் என்றேன். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, பச்சையைத் தெரிந்துதான் அப்படியே விட்டேன். ஆனால் ஐந்து ஒன்றுக்குச் சிவப்பு வந்துவிட்டது என்பதையும் எழுத வேண்டும். இன்னும் முப்பத்தொரு நிமிடம் அவர்கள் பொறுத்திருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு எதிலும் அவசரம்தான்.