வாரம் ஒரு டெசிபெல்

பட்டப்பகலில், ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆலைச் சங்கைத் திருடியவன் நான். சங்கு இன்றும் கூரை மேல்தான் இருக்கிறது. சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சங்கைக் கெடுத்ததாக எலெக்ட்ரீஷியனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார். என் கைவேலைக்கு இன்னொருவன் பேர் வாங்குவது எனக்குப் பிடிக்காது. நானே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

முப்பத்தாறு வருஷம் அந்த ஆலையில் சத்தம் அளந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் திங்கள்தோறும் சங்கை அளக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு அது நூற்றுப்பத்து டெசிபெல்லில் ஊதும். என் வீடு ஆலை மதிலை ஒட்டியது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். காரணம் அவ்வளவுதான்.

ஒரு டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பிடிபடாது. பத்து குறைந்தால் பாதிச் சத்தமாகக் கேட்கும். வாரம் ஒரு டெசிபெல் வீதம் சங்கின் ஒலிக் குமிழைத் திருகி இறக்கினேன். பதிவேட்டில் நூற்றுப்பத்து என்றே எழுதினேன். நாற்பது வாரத்தில் எழுபது. தறிகளின் இரைச்சலே தொண்ணூறு. ஆட்கள் தங்களை அறியாமலே கடிகாரத்தைப் பார்த்து ஷிப்டு மாறினார்கள். என் குறட்டை சங்கை ஜெயித்தது.

ஒரு வியாழக்கிழமை பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொண்டது. சங்கு விடாமல் ஊதியிருக்கிறது. மாடித் தறிக்கூடத்தில் ஏழு பேர் தலை நிமிரவில்லை. ஏழாவது ஆள் என் மருமகன்.

“சங்கு ஊதவே இல்லையாமேப்பா,” என்றாள் மகள்.

“ஊதிச்சும்மா. எழுபதுல ஊதிச்சு.”

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவள் அழுகை எழுபத்தெட்டு இருக்கும். தீ வைத்தது நான் இல்லை, கவனிக்காதது அவர்கள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “அப்போ ஏழு பேருக்கும் நீங்கதான் சங்கு ஊதுனீங்களா பெரியவரே? நாப்பது வாரமா ஆயிரம் பேருக்குக் காது அவிஞ்சா போச்சு?” எலெக்ட்ரீஷியன் எனக்குச் சொந்தமா என்றும் கேட்டார்.

நான் கோபப்படவில்லை. நடந்ததை முதலிலிருந்து மறுபடி சொன்னேன். நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை குரலை ஒரு டெசிபெல் இறக்கிக்கொண்டே வந்தேன். முடித்ததும், “உங்க நாற்காலியைப் பாருங்க சார்,” என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலி, இந்தப் பக்கம் என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. அவர் காது என் வாயருகே இருந்தது. மின்விசிறியை அணைத்ததும் அவர்தான்.

அவர் எழுந்து, எலெக்ட்ரீஷியனை விட்டுவிடச் சொல்லிக் காவலரை அனுப்பினார்.

“நடந்துதான் இருக்கு பெரியவரே,” என்றார். “எனக்கே தெரியல.”