ரைன் நதிப் பாலமும் இரண்டு பஞ்சாங்கங்களும்

மீண்டும் ஒருமுறை வணக்கம்.

சற்று முன்பு, தலைவர் தொடங்கித் தாய்மார் வரைக்கும் எல்லாரையும் விளித்து மூச்சுவிடாமல் நான் வழங்கிய வணக்கம் முழுவதும் மைக்குக்குள் போகவே இல்லையாம். முன்வரிசையில் என் மகள் கிரிஜா இரண்டு கைகளையும் ஆட்டினாள். அப்பாவின் பேச்சில் பிள்ளை மயங்கிவிட்டாள் என்று எண்ணி நான் குரலை இன்னும் உயர்த்தினேன். பிறகுதான் கேட்டது: "அப்பா, மைக் ஓஃப்!" சிட்னியின் இந்த வென்ட்வேர்த்வில் மண்டபத்தில் என் பேச்சுக்கு இவ்வளவு அமைதி கிடைத்தது இதுவே முதற் தடவை.

ஆகவே, அவைக்குத் தலைமை தாங்கும் தனபாலன் அவர்களே! சனிக்கிழமைத் தூக்கத்தைத் தமிழுக்குத் தானம் செய்யும் ஆசிரியப் பெருமக்களே! நரைத்த தலைகளால் மண்டபத்துக்கு வெளிச்சம் தரும் பெரியோர்களே! குசினியில் வடை சுட்டபடி ஒரு காதை எனக்கு ஒதுக்கியிருக்கும் தாய்மார்களே! பின் கதிரைகளில் மடியில் போனை வைத்துக்கொண்டு பக்தியோடு தலை குனிந்திருக்கும் இளையவர்களே! இரண்டாம் முறையும் வணக்கம்.

ரோம் நகரில் ஆறு நாடுகள் ஒப்பந்தம் எழுதி இந்த மார்ச் மாதத்தோடு ஐம்பது ஆண்டு. 'உலகமயமான காலத்தில் ஐரோப்பிய ஒன்றிணைப்பும் முரண்பாடும்' என்று இன்று பேச வேண்டியவர் ஒரு பேராசிரியர். அவருக்குக் காய்ச்சல். "ஐரோப்பாவுக்குப் போய் வந்த ஆள் ஆர் இருக்கினம்?" என்று தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். போனது போன வருடம், மூன்று கிழமை. அதில் அரைவாசி என் தங்கச்சியின் கடையில் அரிசி மூட்டை இறக்கினேன். தலைவர் என்னை 'ஐரோப்பிய விவகார ஆய்வாளர்' என்று அறிமுகம் செய்தபோது என் மனைவி பத்மா சிரித்தது மைக் இல்லாமலே உங்களுக்குக் கேட்டிருக்கும்.

நான் படித்தது ஓ.எல்., பத்தாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும். வேலை செவன் ஹில்ஸில், குளிர்சாதனப் பெட்டிக்கு உதிரிப்பாகம் பூட்டுவது. இன்றைக்குச் சொல்லப்போகும் சரித்திரம் என் மகளின் பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்தது. பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

பிரான்சும் ஜேர்மனியும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் மூன்று தடவை மோதின. மூன்றாம் மோதல் முடிந்தபோது வென்றவனுக்கும் வீடில்லை, தோற்றவனுக்கும் வீடில்லை. பிறகு கூடிப் பேசினார்கள். எதைப் பற்றிப் பேசினார்கள்? அன்பைப் பற்றியா? அறத்தைப் பற்றியா? இல்லை ஐயா, நிலக்கரியைப் பற்றி! பீரங்கிக்கு இரும்பு வேண்டும், இரும்பை உருக்க நிலக்கரி வேண்டும். இரண்டையும் பொதுவில் வைத்தால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பீரங்கி செய்ய முடியாது. இவ்வளவுதான் தொடக்கம். பெரிய மனிதர்கள் சின்னக் கணக்கில் இருந்து தொடங்கினார்கள்.

ஆனால் கண்டம் முழுவதும் அந்தக் கணக்கு நடந்ததா? எங்கள் தொழிற்சாலையில் ஒரு சேர்பியரும் ஒரு குரோவேசியரும் ஒரே மேசையில் சாப்பிட்டு வந்தார்கள். தொண்ணூற்றோராம் ஆண்டு யூகோஸ்லாவியா உடைந்தது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் அவர்களுடைய மேசையும் இரண்டாகிவிட்டது. நடுவில் ஒரு மேசை வெறுமையாகக் கிடந்தது. அதில் என் புட்டுப் பெட்டியோடு நான் போய் இருந்தேன். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படைபோல எதையும் தடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அண்ணர் விக்னராஜா எண்பத்து நான்கில் ஜேர்மனிக்குப் போனார். கேல் என்ற சின்னப் பட்டினத்தில் அகதியாக வைத்தார்கள். தங்கச்சி யோகா பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர் நகரில். இரண்டுக்கும் நடுவே ரைன் நதி. நதிக்கு மேலே ஒரு பாலம். அதன் பெயர் என்ன தெரியுமா? ஐரோப்பாப் பாலம்! பாலம் இருந்தது, பாசம் இருந்தது, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. வெள்ளைக்காரர் காரில் இருந்தபடியே கையசைத்துப் போனார்கள். எங்களுடையவர்கள் போனால் மறிப்பார்கள், மறித்தால் அகதி வழக்கும் கெட்டுவிடும்.

எண்பத்தேழு ஆனி மாதம், அபரபக்க தசமித் திதியில், ஊரில் எங்கள் அப்பா இறந்தார். மூத்தவர் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. ஊரில் இருந்த கடைசித் தம்பி சிறி வைத்தான். செய்தி வந்த அன்று அண்ணர் பாலத்தின் அந்தக் கரையில் போய் நின்றார். யோகா இந்தக் கரையில், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, அண்ணர் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக. ஒருவர் அழுவது மற்றவருக்குக் கேட்காத தூரம்.

தொண்ணூற்றைந்தில் எல்லைக் காவலை எடுத்துவிட்டார்கள். அண்ணர் பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போனார்! ஸ்ட்ராஸ்பூரில் சாப்பிட்டார், கேலில் வந்து படுத்தார்! பிறகு இரண்டு நாட்டுக்கும் ஒரே காசு. அப்பாவின் திவசத்தை இரண்டு குடும்பமும் அண்ணர் வீட்டில் ஒன்றாகச் செய்தார்கள்.

இத்தோடு கதை முடிந்தால் நான் பேராசிரியருக்கு நன்றி சொல்லிவிட்டு வடைக்குப் போகலாம். முடியவில்லையே!

கிழக்கு நாடுகளும் ஒன்றியத்தில் சேர்ந்தன. அண்ணர் வேலை செய்த தொழிற்சாலை, கூலி குறைந்த இடம் தேடி, ஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டது. அதே நேரம் யோகாவின் கடைக்கு ஜேர்மனிப் பக்கத்துத் தமிழர் எல்லாம் வரத் தொடங்கினார்கள். கென்யாக் கத்தரிக்காயும் தாய்லாந்துப் பலாக்காயும் பறந்து வந்தன. திறந்தது ஒரே கதவு. அண்ணரின் வேலை அதனால் வெளியே போயிற்று. தங்கச்சியின் வியாபாரம் அதனால் உள்ளே வந்தது.

அந்த வருடம் பார்த்து இரண்டு பஞ்சாங்கமும் பிசகின. உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு வாக்கியம் என்று ஒன்று, திருக்கணிதம் என்று ஒன்று. பல வருடம் ஒத்துப்போகும், சில வருடம் திதி ஒரு நாள் முன்பின்னாக விழும். அண்ணர் வாக்கியம் என்றார், யோகா திருக்கணிதம் என்றாள். "நீ கடைக்காரி. கடை பூட்டுற நாளைப் பார்த்துத் திதி வைப்பாய்" என்றார் அவர். "வேலை இல்லாதவருக்கு எந்த நாளும் திவசம்தானே" என்றாள் இவள். அவ்வளவுதான். பன்னிரண்டு நாடுகள் தங்கள் காசை விட்டுக்கொடுத்த கண்டத்தில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு நாளை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே ஒரு திவசம், இங்கே ஒரு திவசம். காகம் மட்டும் நதியைத் தாண்டி இரண்டு நாளும் சாப்பிட்டது. ஒன்றிணைந்த ஐரோப்பாவின் உண்மையான குடிமகன் அந்தக் காகம்தான்!

என்ன கணேசலிங்கம் அங்கிள்? "காகம் விசா எடுத்ததோ" என்றா கேட்கிறீர்கள்? அது கறுப்பு நிறம் அங்கிள், பழைய காலமென்றால் கட்டாயம் மறித்திருப்பார்கள்!

அதற்குத்தான் போன வருடம் ஆனியில் நான் புறப்பட்டுப் போனேன். "அவளின்ர வாசல் நான் மிதிக்கமாட்டன்" என்றார் அண்ணர். "வாசலை மிதிக்க வேண்டாம் அண்ணை, பாலத்தை மிதியுங்கோ" என்றேன். இப்போது அங்கே நடந்து போகிறவர்களுக்கென்று புதிய பாலம் ஒன்று இருக்கிறது, நடுவில் நின்று கதைக்க அகலமான இடத்தோடு. அண்ணர் அந்தக் கரையால் வந்தார். யோகா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு இந்தக் கரையால் வந்தாள். மகாநாடு தொடங்கியது.

"கோயில்ல திருக்கணிதம் தானே பாக்கினம்."

"எந்தக் கோயில்? உன்ர கடையில கற்பூரம் வாங்கிற கோயிலோ?"

இப்படியே போய், கடைசியில் அண்ணர் என் பக்கம் திரும்பினார். "சரி தாஸ், நீ நடுவன். நீ அங்க எந்தப் பஞ்சாங்கம் பாக்கிறனி?"

நான் ஆற்றைப் பார்த்தேன். "நான் வந்து... கிட்ட வாற ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயிற்றுக்கிழமையோ!" இருவரும் ஒரே குரலில்.

"சனிக்கிழமை ஓவர்டைம் வரும் அண்ணை..."

"அப்பா என்ன, உன்ர போர்மனிட்டக் கேட்டே செத்தவர்?"

"நல்லாக் கேளுங்கோ பெரியண்ணா!" என்றாள் யோகா. "கலண்டரில சிவப்பு எழுத்துப் பாத்துத் திவசம் செய்யிற ஆளை இப்பதான் காணுறன்."

பெரியண்ணா! ஒரு வருடமாக அவள் வாயில் வராத சொல். பொது எதிரி கிடைத்தால் நாடுகள் ஒன்று சேரும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பொது எதிரி இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என்னைத் திட்டி முடித்த களைப்பில் அண்ணர் மெதுவாகச் சொன்னார்: "அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கேல்லை. நாளாவது பிழைக்கக்கூடாது எண்டு நினைச்சன்."

யோகா தேத்தண்ணியை ஊற்றி அவரிடம் நீட்டினாள். "வேலையைப் பற்றி நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவர் வாங்கிக் குடித்தார்.

அதன்பிறகு பேச்சு இலகுவாக நடந்தது. முறை வைத்துச் செய்வது என்று தீர்மானம். யார் வீட்டில் நடக்கிறதோ அவர் சொல்லும் நாள், மற்றவர்கள் வாய் திறவாமல் வந்து இருக்க வேண்டும். முதல் முறை கேல். இரண்டாவது, வருகிற ஆனியில், ஸ்ட்ராஸ்பூர். மூன்றாவது சிட்னி, ஞாயிற்றுக்கிழமை!

என்ன அங்கிள்? "மூண்டோட சரியோ?" ஓம், பிறகு திரும்பவும் கேல்தான்.

அவையோரே! நான் கண்ட ஐரோப்பா இதுதான். எல்லைக் கம்பத்தைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. பிடுங்கிய குழியில் யார் விழுந்தார் என்று பார்ப்பதுதான் ஐம்பது ஆண்டு வேலை! சந்தை திறந்தால் ஒருவருக்கு வரும், ஒருவருக்குப் போகும். வந்தவர் போனவரைப் பார்த்து ஒரு சொல் கேட்டாரா? கேட்டால் ஒன்றியம், கேட்காவிட்டால் வெறும் சந்தை! அவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். மீனுக்குச் சண்டை, பாலுக்குச் சண்டை, அரசியல் சட்டத்துக்குச் சண்டை. பிடிக்கட்டும்! பீரங்கி இல்லாமல், மேசையில் இருந்து, மொழிபெயர்ப்பாளர் வைத்து, பிடிக்கட்டும்! சண்டை பிடிக்கவென்று எல்லாரும் வந்து இருக்கும் ஓர் இடத்தைக் கட்டினார்களே, அதற்கு நான் தலைவணங்குகிறேன்!

இரண்டு தரம் வணங்கிய என்னை ஒரு தரமும் எழும்பிப் போகாமல் கேட்ட உங்களுக்கும், காய்ச்சலால் எனக்கு வாய்ப்புத் தந்த பேராசிரியருக்கும் நன்றி. குசினிப் பக்கம் வாசம் அழைக்கிறது. எல்லாரும் நலமாக இருங்கள், வணக்கம்.

*

பாடசாலை மலருக்காக எழுதித் தரும்படி கேட்டார்கள். மேலே இருப்பதுதான் பேசியது. மூன்றோடு சரியோ என்று கேட்ட அங்கிளுக்குச் சொன்ன பதில் மட்டும் சரியில்லை.

முறை நான்கு. பாலத்தில் வைத்து நான்காவதை அண்ணர்தான் கேட்டு வாங்கினார்: ஊரில், சிறியின் வீட்டில், தன் கையால் அப்பாவுக்குச் செய்ய வேண்டும் என்று. அது ஆனி மாதம், ஊருக்குப் போகும் பாதை திறந்திருந்தது. ஆவணி பிறப்பதற்குள் திரும்பவும் போர் மூண்டு, முகமாலைச் சோதனைச் சாவடியில் அந்தப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.