அண்டார்டிகா கல்லுக்கு அடித்த பெயிண்ட்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ கிளம்பியதும், என் எதிரில் கம்பெனி சீருடையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

"எங்கம்மா அண்டார்டிகா கல்லுக்கு பெயிண்ட் அடிச்சுட்டாங்கடி."

நான் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினேன்.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் தோழி.

"எங்கக்கா ஆராய்ச்சிக்குப் போய் எடுத்தாந்த கல்லு. பூமிக்குள்ள இருந்து நெருப்புக் குழம்பா ஏறி வந்து, பாறை வெடிப்புல இறுகினதாம். நம்மூர்ப் பக்கமும் அதே மாதிரி கீதாம். ரெண்டுக்கும் ஒரே வயசுன்னா, ஒரு காலத்துல ரெண்டு நிலமும் ஒட்டிக்கினு இருந்துச்சுன்னு சொல்லலாமாம். அம்மா அத கிறிஸ்துமஸ் குடில்ல மலையா வச்சு, பனி மாதிரி வெள்ளை அடிச்சுட்டாங்க."

"சுரண்டிட்டா போச்சு."

"நானும் அதான் சொன்னேன். கல்லுல இருக்கிற ஈயத்த வச்சுதான் வயசே பாக்குறாங்களாம். பெயிண்ட்லயும் ஈயம் இருந்தா கணக்கு தப்பிடும்னு அக்கா ஒரே அழுகை. அம்மா சாப்பிடவே இல்ல."

"அப்பம் என்னாச்சு?"

"இன்னிக்குக் காலைல அக்கா போன் பண்ணா. மேல்பக்கத்த அறுத்து எடுத்துட்டு, நடுவுல இருந்த குட்டிக் குட்டி படிகத்துல பாத்தாங்களாம். பெயிண்ட் உள்ள போவவே இல்ல. அந்தக் கல்லுக்கும் நம்மூர்க் கல்லுக்கும் வயசு ஒத்துப் போச்சு!"

தோழி அவள் தொடையில் ஓங்கித் தட்டினாள். எனக்கே மூச்சு வந்தது போலிருந்தது.

"அம்மா என்ன சொன்னாவ?"

"'அப்ப நம்மூரு கல்லுதானே, மிச்சம் இருந்தா குடிலுக்கு எடுத்துக்கினு வா'ன்றாங்க."