இரண்டாம் பக்கம்

இசைத்தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது, ஆய்வாளர் ஐயா. ஒன்றின் பாரம் மற்றொன்றின்மேல் அமர்ந்து நாளடைவில் அவை வளைந்துவிடும். புத்தகங்களைப்போல நிமிர்த்தி, நெருக்காமல் வைக்க வேண்டும். தங்கள் காவலர்கள் என் தட்டுகளையெல்லாம் கொண்டுவந்து அந்த மூலையில் குவித்திருக்கிறார்கள். யாரையேனும் அனுப்பி அவற்றை நிமிர்த்தி வைக்கச் சொன்னால், தாங்கள் கேட்பதற்கெல்லாம் மனநிறைவோடு விடை சொல்வேன்.

நன்றி.

என் பெயர் வெள்ளியங்கிரி. கோவை கணபதியில் பம்புசெட்டுகளுக்கு வார்ப்படம் ஊற்றும் பவுண்டரி எங்களுடையது. பகலெல்லாம் இரும்பின் இரைச்சலில் நிற்பவன் நான். ஆதலால் ஒலியின் அருமையை அறிவேன். காலையும் மாலையும் பதிகம் ஓதாமல் நான் உணவு கொண்டதில்லை. பதிகத்தின் நிறைவில் கடைக்காப்பு என்று ஒரு பாடல் உண்டு. இவற்றை ஓதியவர்க்கு இன்ன பேறு கிட்டும் என்று சொல்வது அந்தப் பாடல்தான். நடுவில் எழுந்து போகிறவன், எத்தனை இனிமையாகப் பாடியிருந்தாலும், அந்தப் பேற்றுக்கு உரியவன் அல்லன். சந்நிதிவரை நடந்து, திரை விலகுமுன் திரும்பிவிட்டவனுக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று தங்களுக்குத் தோன்றலாம். பொறியியல் படிக்கச் சென்னை சென்ற காலத்தில், விடுதியில் ஒரு மாணவர் வைத்திருந்த தட்டில்தான் ராக் இசையை முதன்முதலாகக் கேட்டேன். மற்றவர்கள் தமக்குப் பிடித்த பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். நான் அந்தத் தட்டை இரவல் வாங்கி, அறையைச் சாத்திக்கொண்டு, தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டேன். முடிந்தபோது என் கைகள் தாமாகவே கூப்பியிருந்தன. ஒரு பாட்டின் கடைசி ஒலி அடுத்த பாட்டின் முதல் ஒலியாக எழுந்ததைக் கேட்டேன். அதற்கு நம்மிடம் அந்தாதி என்று பெயர் உண்டு. நீளமுடி வைத்த அந்த மேல்நாட்டு இளைஞர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அந்த அறம் தெரிந்திருந்தது.

எல்லா ஆல்பங்களும் அத்தகையவை அல்ல. பெரும்பாலானவை உதிரிப் பூக்கள். தொடுத்த மாலைகளும் சில உண்டு. ‘காப்பர் வெல்’ என்னும் குழுவினர் செய்த ‘ஹார்பர் இன் வின்டர்’ அவற்றுள் தலையாயது. பனிக்காலத் துறைமுகத்தில், தொலைவில் ஆடும் ஒரு மணியோசையோடு அது தொடங்கும். மணி ஓய்வதற்குள் கிடார் அதே சுருதியைப் பற்றிக்கொள்ளும். கிடார் விட்ட இடத்தில் ஆர்கன். ஆர்கன் விட்ட இடத்தில் மனிதக் குரல். முதற்பக்கத்தின் முடிவில் ஒரு சுரம் நீண்டு நீண்டு, இறங்க வேண்டிய படியில் இறங்காமலே நின்றுவிடும். அந்தச் சுரம் வீடு திரும்புவது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில். இலக்கணம் பயின்றவனாகச் சொல்வதானால், முதற்பக்கம் முழுவதும் எச்சம்; முற்று அங்கேதான் இருக்கிறது.

இதை ஒருவரோடு அமர்ந்து கேட்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அதற்காகவே மாடியில் பழைய பஞ்சுக் கிடங்கை அறையாக மாற்றினேன். சுவர்களில் மரச்சட்டம் அடித்து, மில்களில் கழிக்கும் பஞ்சைத் திணித்து, மேலே சாக்குத் துணி போர்த்தினேன். உள்ளே எழும் ஒலி வெளியே போகாது. வெளியொலி உள்ளே வராது. கதவைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். என் மனைவி நந்திதா ஒருமுறை வந்து, முதற்பாட்டு முடியுமுன்னே சாவியைக் கேட்டாள். “இதென்னங்க, ஜெயிலாட்டம் பூட்டிப்போட்டு” என்றாள். திறந்துவிட்டேன். அன்று நான் செய்தது தவறு என்றே இன்றும் எண்ணுகிறேன். இன்னும் சற்று இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்திருக்கும்.

இனி தீபக்கைப் பற்றி. என் தங்கை லோகப்பிரியாவின் கணவர். திருப்பூரில் நூல் ஏஜெண்டு. கலகலப்பானவர், யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசியறியாதவர். சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. உறிஞ்சும் மருந்துக் குப்பி ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அவர் மருந்தை உறிஞ்சும்போது எழும் சீற்றம் வீடு முழுவதும் கேட்கும். அவரைப் பற்றி எனக்கு ஒரேயொரு குறைதான். அவருக்கும் இந்த இசை பிடிக்கும். ஆனால் துண்டு துண்டாகத்தான் பிடிக்கும்.

என் தட்டுகளை இரவல் வாங்கிக்கொண்டு போவார். மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவற்றை ஒப்பணக்காரத் தெருச் சந்தில் கேசட் பதிவுக்கடை வைத்திருக்கும் சிக்கந்தரிடம் கொடுத்து, பிடித்த பாட்டுகளை மட்டும் பதிந்துகொள்வார். சிக்கந்தர் என் பழைய நண்பர். அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

“ஏனுங்கண்ணா, உங்க மாப்பிள்ளை வந்தாருங்க. அந்தத் துறைமுகத் தட்டுல நாலு பாட்டுக்கு மட்டும் டிக் போட்டாரு. மத்ததெல்லாம் சவசவன்னு இருக்குதாம். அண்ணனுக்குத் தெரியுமான்னு கேட்டனுங்க. தெரிஞ்சா என்ன, தூக்குலயா போட்டுருவாருங்கறாரு.”

இருவரும் சிரித்தோம்.

தீபாவளிக்கு வந்தபோது தீபக் அந்தக் கேசட்டை எனக்கே பரிசாகக் கொடுத்தார். “மச்சான், உங்க தட்டுல நல்லதாப் பாத்துப் பொறுக்கி, நடுவுல நம்ம சினிமாப் பாட்டும் ரெண்டு சேத்துப்போட்டேனுங்க. இப்பத்தான் மனுசன் கேக்கறாப்புல இருக்குது.” மகிழ்ச்சி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்று மாலை போட்டுக் கேட்டேன். கடைசிப் பாட்டு முதலில் வந்தது. சுரம் புறப்படுவதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டது. மணியோசை ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே அறுபட்டு, அதன்மேல் ஒரு டூயட் ஏறி அமர்ந்தது. தாங்கள் இசை கேட்பவரா என்று தெரியவில்லை. ஒரு தெய்வத் திருமேனியின் தலையை எடுத்துப் பாதத்தில் வைத்து, ‘இப்போது அழகாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் தாங்கள் சினம் கொள்வீர்கள். நான் சினம் கொள்ளவில்லை. அவருக்கு யாரும் முழுதாகக் கேட்கக் கற்றுத்தரவில்லை என்று வருந்தினேன்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர்கள் மதிய உணவுக்கு வந்தார்கள். உண்டபின் பெண்கள் இருவரும் பேரூரில் ஒரு நிச்சயதார்த்தத்திற்குப் போனார்கள். நான் தீபக்கிடம் கேட்டேன்: ஒரே ஒரு முறை, அந்தத் தட்டை முழுதாக என்னோடு அமர்ந்து கேட்க வேண்டும்.

“கரும்பு திங்கறதுன்னா நுனியிலிருந்து வேர் வரைக்கும் திங்கோணுமுங்களா மச்சான்?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “செரி வாங்க. நீங்க ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டு நான் இல்லீன்னு சொல்லுவனா” என்றார்.

அறை வாசலில் ஒரு பலகை உண்டு. ஓசை எழுப்பும் பொருளெல்லாம் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பது என் விதி. கோயிலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லையே. அவர் செருப்பை விட்டார், மணிக்கொரு முறை கூவும் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், சாவிக்கொத்தை வைத்தார். நான் அவர் சட்டைப் பையைக் காட்டினேன்.

“இதுவுங்களா?”

மூன்றாம் பாட்டு மிக மெல்லிய பாட்டு என்று விளக்கினேன். நடுவில் அந்தச் சீற்றம் எழுந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

“செத்த நேரந்தானுங்களே,” என்று குப்பியையும் வைத்தார்.

மழையின் ஈரம் சுவர்களில் ஏறியிருந்ததால், அந்த வாரம்தான் பழைய பஞ்சை அகற்றிப் புதிதாகத் திணிக்கச் செய்திருந்தேன். மேலே இருந்த கண்ணாடிப் பாளத்தின் வழியே விழுந்த வெயிலில் பஞ்சிழைகள் மிதந்துகொண்டிருந்தன. அவை எனக்குத் தெரிந்தன. அழகாகவே இருந்தன. கதவைப் பூட்டினேன்.

முதற்பாட்டில் அவர் காலால் தாளமிட்டார். இரண்டாம் பாட்டில், “இது நல்லாருக்குதுங்களே, இதை விட்டுப்போட்டனே” என்று மெல்லச் சொன்னார். ஐயா, அந்தச் சொல்லைக் கேட்டபோது நான் அடைந்த நிறைவை எழுத்தில் ஏற்றத் தங்கள் எழுத்தரால் இயலாது. மூன்றாம் பாட்டில் இருமினார். ஒலியைச் சற்றுக் கூட்டினேன். நான்காம் பாட்டில் எழுந்து, கதவருகே சென்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றார். தோள்கள் ஏறி இறங்கின. அவர் கதவைத் தட்டவில்லை, என்னை அழைக்கவில்லை. பெண்ணெடுத்த வீட்டில், மூத்த மைத்துனன் கண்மூடி அமர்ந்திருக்கையில் குறுக்கிட்டுப் பேசும் வளர்ப்பு அவருடையது அன்று. பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். நான் கண்மூடித்தான் இருந்தேன். நடுநடுவே திறந்தும் பார்த்தேன்.

முதல் நாள் தங்களிடம், இசையின் ஓசையில் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். தட்டுக்கு இரண்டு பக்கம். முதற்பக்கம் முடிந்தால் ஊசி எழுந்துவிடும். திருப்பிப் போடும்வரை நிசப்தம். பஞ்சடைத்த அறையின் நிசப்தத்தில் ஒருவரின் மூச்சு மிகத் தெளிவாகக் கேட்கும். அந்த நிசப்தத்தில்தான் அவர் பேசினார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, ஆனால் மரியாதை குறையாமல் சொன்னார்.

“வாரேனுங்க… மச்சான்.”

நான் தட்டைத் திருப்பிப் போட்டேன்.

இரண்டாம் பக்கம் முடிந்தபோது அவர் கதவடியில் சாய்ந்து அமர்ந்திருந்தார். சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பலகையிலிருந்த குப்பியை எடுத்து அவர் பையில் வைத்தேன். அவருடைய பொருள் அவரிடம் இருப்பதே முறை. பிறகு மருத்துவரை அழைத்தேன். இழுப்பு என்று அவர் சொன்னார்; எல்லோரும் விதி என்றார்கள். என் தங்கை மட்டும் அழுகையினூடே ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள்: “மருந்து பையிலயே இருந்துதே, ஏன் எடுத்து அடிக்கலை?”

காரியம் முடிந்த சில நாளில், ஆனைமலைக்கு அழைத்துப் போகச் சொன்னாள். மாசாணியம்மன் சந்நிதியில் மிளகாய் அரைக்க வேண்டும் என்றாள். நியாயம் கேட்பவர்கள் அங்கே மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவது தாங்கள் அறிந்ததே. என் காரில் நானே அழைத்துச் சென்றேன். மிளகாய் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஓரமாக நின்று, அவள் அரைப்பதைப் பார்த்தேன்; அரைத்து முடிக்குமுன் அவளை யாரும் எழுப்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: “யாரு மேலன்னு சொல்லாமயே அரைச்சுப்போட்டு வந்துட்டனுங்கண்ணா. எனக்கு யாரையும் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவருக்கு மூச்சு முட்டறப்ப நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?”

என் தங்கையிடம் நான் பொய் சொன்னதில்லை. “மருந்தை வெளிய வைக்கச் சொன்னது நான்தான் அம்மணி. அவரு கதவுகிட்ட நின்னாரு. நான் தட்டைத் திருப்பிப் போட்டுட்டு இருந்தேன்.”

அவள் அழவில்லை. பொள்ளாச்சி பேருந்து நிலையத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, கதவை மெல்லச் சாத்திவிட்டு, கோவைப் பேருந்தில் ஏறினாள். மறுநாள் காலை தாங்கள் வந்தீர்கள்.

இனி, அவர் வெளியே விடச் சொல்லிக் கேட்டாரா என்று சற்று முன் தாங்கள் கேட்டதற்கு விடை. அவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. வாரேன் என்றுதான் சொன்னார். இலக்கணப்படி, வருதல் என்னும் வினை பேசுவோரையோ கேட்போரையோ நோக்கி நிகழ்வது. விலகிச் செல்வதற்குப் போதல் என்ற வேறு வினை இருக்கிறது. அவர் கதவருகே நின்றார்; நான் தட்டருகே அமர்ந்திருந்தேன். வாரேன் என்றால் என்பக்கம் வருகிறார் என்பதே அதன் நேர்ப்பொருள். அதனால்தான் அவர் நாற்காலியை என் பக்கம் சற்று நகர்த்தி வைத்தேன்.

“நீங்களும் இந்த ஊருக்காரருதானுங்களே,” என்றீர்கள். “நம்ம பக்கம் கெளம்பறப்ப போறேன்னு எவனாச்சும் சொல்லுவானுங்களா?”

சொல்ல மாட்டார்கள். எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஊசியை வைத்தேன். அதே சொல்லை அவர் இரண்டாம் பக்கம் முடிந்தபின் சொல்லியிருந்தால், எழுந்து வாசல்வரை சென்று வழியனுப்பியிருப்பேன்.