புறா கொத்தின கதவு

...என் கதவுல ஒரு பூ மிஞ்சியிருக்கா பாருங்க! வெறும் நார் வளையம்தான் தொங்குது. அட, துணிக்கூடையைக் கீழ வைங்க. மூணாம் மாடிக்குப் புதுசா வந்தது நீங்கதானே? துணியெல்லாம் அப்புறம் காயப்போட்டுக்கலாம்.

வசந்த விடுமுறைன்னா இங்க கதவு அலங்காரப் போட்டிங்க. போன வருஷம் வரைக்கும் ஜிகினாத் தாளை வாங்கி ஒட்டினோம், முடிஞ்சுது. இந்த வருஷம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எங்கயோ கூட்டத்துக்குப் போயிட்டு வந்து, பிளாஸ்டிக் கூடாது, ஜிகினா கூடாது, எல்லாம் மண்ணுல மக்கணும்னுட்டார். அவர் மண்டைய முதல்ல மக்க வைக்கணும்!

சரின்னு உக்காந்தேன். பழைய பேப்பரை ஊறவெச்சு, அரைச்சு, மைதாப் பசை போட்டுப் பிசைஞ்சு, அறுபது பூ. அறுபதுங்க! சிவப்புக்கு பீட்ரூட் சாறு, காவிக்கு வெங்காயத்தோல்... இன்னும் நகக்கண்ணுல போகலை பாருங்க. சாப்பாடு எங்கன்னார் வீட்டுக்காரர். காயெல்லாம் கதவுல இருக்குன்னேன்.

எதிர்வீட்டுக்காரி இருக்காளே, அவ முட்டை ஓட்டுல மண்ணைப் போட்டுக் கடுகு முளைக்கவெச்சு, நூல்ல வரிசையா கட்டித் தொங்கவிட்டுட்டா. காத்தடிச்சா பச்சைப்பசேல்னு ஆடுது. அழகுதாங்க. அழகா இருக்கவேதான் எனக்கு வயிறு எரிஞ்சுது!

இன்னைக்குக் காலையில பார்த்தா என் பூவெல்லாம் போச்சு. வராந்தா முழுக்கப் புறா எச்சம். இவதான் புறாவை ஏவிவிட்டான்னு படிக்கட்டுல நின்னு கத்தினேன். நாலு மாடியும் வந்து எட்டிப் பார்த்துச்சு. நீங்க கூடக் கேட்டிருப்பீங்களே... ஹி.

அவ என்ன பண்ணினா தெரியுமாங்க? உள்ள போய்க் கத்திரிக்கோல் எடுத்துட்டு வந்தா. எனக்கு உயிரே போச்சு! தன் சரத்தையே பாதியா வெட்டி, "இந்தாங்க அக்கா, உங்க கதவுல மாட்டிக்குங்க"ன்னு கையில குடுத்துட்டுப் போயிட்டா. உள்ள மேசை மேல இருக்கு. மத்தியானம் போட்டிக்குப் பரிசு குடுக்கறவங்க பார்வையிட வர்றாங்க. இவ்வளவு நல்லவளா இருந்தா ஒருத்தி எப்படிங்க நிம்மதியா சண்டை போடுறது?

எப்படி மாட்டுறது சொல்லுங்க... கிட்ட வாங்க. புறா தானா வரலை. விடிஞ்சும் விடியாம ஒரு கை தானியம் அவ வாசல்ல கை தவறி... சரி, தவறலை. தூவினேன். முளைச்ச கடுகைப் புறா கொத்திடும்னு பார்த்தேன். அந்த முட்டை ஓடு ஆடுறதைப் பார்த்து மிரண்டு, தானியத்தை மட்டும் தின்னுட்டு, நேரா என் மைதாப் பூவுக்கு வந்துடுச்சுங்க, சனியன்!

என்ன, கண்ணைக் காட்டுறீங்க? பின்னாடியா?

...ஐயோ. நீ எப்போ கதவைத் திறந்தே? எதுலேர்ந்து கேட்டே? தானியத்துலேர்ந்தா? அதுக்கும் முன்னாடியா!

சிரிக்காதடி. சிரிக்காதேன்றேன்ல! இவங்ககிட்ட சும்மா ஒரு பேச்சுக்கு... எங்க, இவங்க கூடையைத் தூக்கிட்டு நழுவிட்டாங்களா?

சரி, நின்னு வேடிக்கை பார்க்காதே. ஸ்டூலைப் பிடிச்சுக்கோ, ஏறி மாட்டுறேன். நீ மட்டும் ஆட்டினேன்னு வெச்சுக்கோ... சரி, ஆட்டு. ஒரு தடவை ஆட்டிக்கோ.