இருபதுக்கு இருபது

மாமியார்: இடது பக்கம்.

மருமகள்: அதுக்குள்ளயா? நான் இன்னும் கேக்கவே இல்லையே அத்தை.

மாமியார்: கேட்டாத்தான் சொல்லணுமா? இடது பக்கத்து வாட்ச்ல பச்சை லேசா மஞ்சள் அடிக்குது. எழுதிக்கோ.

மருமகள்: எழுதிட்டேன். அடுத்தது... நாற்காலியை முன்னாடி இழுக்காதீங்க. கோடு போட்டிருக்கேன்ல.

மாமியார்: பட்டப்பகல்ல ஜன்னலெல்லாம் மூடி, சாப்பாட்டு மேசையில கோடு கிழிச்சு... யாராவது பார்த்தா மாமியாரும் மருமகளும் பேயோட்டுறாங்கன்னு நெனைப்பாங்க.

மருமகள்: யாரு பேயின்னும் கேப்பாங்க. பேசாம வாட்ச்சைப் பாருங்க.

மாமியார்: வலது... சரி, நாளைக்குத்தானே உனக்கு மீட்டிங்?

மருமகள்: ம்... நாளைக்குத்தான்.

மாமியார்: அந்த மேனேஜர் இன்னும் முரண்டு பிடிக்கிறானா?

மருமகள்: அவருக்குப் பழைய முறையே போதுமாம். வாட்ச் வெளிச்சத்தைக் குறைக்கணுமா, கரண்டைக் குறை. அவ்வளவுதான்.

மாமியார்: அதுல என்ன தப்பு? குழாயைத் திருகுற மாதிரிதானே?

மருமகள்: இதுக்குள்ள இருக்கிற விளக்கு ஒவ்வொண்ணும் தூசி அளவு அத்தை. கரண்டைக் குறைச்சா நிறம் மாறிடும். பச்சை மஞ்சள் பக்கம் சாயும். குடுக்கிற கரண்டும் முழுசா வெளிச்சமாகாது, பாதி வீணாப் போகும்.

மாமியார்: புரியுது, உன் மாமனார் மாதிரி. எதையும் அரை மனசாத்தான் செய்வார். நாள் பூரா செய்வார், ஒண்ணும் நடந்திருக்காது, முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகியிருக்கும்.

மருமகள்: அய்யோ, மாமா காதுல விழப்போகுது!

மாமியார்: விழட்டும். உன் முறை என்ன?

மருமகள்: எரியும்போது முழு பலத்தோட எரியணும். உடனே அணைஞ்சிடணும். ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்குல இப்படி எரிஞ்சு அணைஞ்சா, நம்ம கண்ணுக்கு வெறும் மங்கலாத்தான் தெரியும். அணைஞ்சிருக்கிற நேரத்தைக் கூட்டினா இன்னும் மங்கல். நிறம் அப்படியே இருக்கும், பேட்டரியும் மிச்சம்.

மாமியார்: அப்ப இது என் பையன். செஞ்சா சூறாவளி. மத்த நேரமெல்லாம் சோபா.

மருமகள்: அந்த மத்த நேரத்தைத்தான் நீங்க ரொம்பக் கூட்டி வச்சிட்டீங்க.

மாமியார்: வளர்த்ததோட என் வேலை முடிஞ்சுது. இப்ப பட்டன் உன் கையில.

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க. பட்டன் அமுக்கிட்டேன், பழைய முறை இப்போ எந்த வாட்ச்ல?

மாமியார்: ...இடது.

மருமகள்: நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

மாமியார்: சாயப் பட்டறையில முப்பது வருஷம் நிறம் பார்த்தவடி நான். பச்சையிலயே பதினாறு பச்சை பிரிப்பேன். போன மாசம் இருபதுக்கு இருபது சொன்னேனா இல்லையா?

மருமகள்: சொன்னீங்க. ஆபீஸ்ல இருபத்திரண்டு பேரு பார்த்தாங்க. ஒருத்தர்கூட பன்னெண்டைத் தாண்டல.

மாமியார்: அதெல்லாம் கண்ணா? முகத்துல ரெண்டு ஓட்டை. நான் இருபதும் சரியாச் சொன்ன அந்தத் தாளைக் காட்டினா உன் மேனேஜர் வாயைத் திறக்க முடியுமா?

மருமகள்: முடியாதுதான். நிறம் மாறுறது மனுஷக் கண்ணுக்குத் தெரியும்னு சொல்ல அந்தத் தாள் ஒண்ணுதான் சாட்சி. அது இல்லன்னா, 'யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு எதுக்கும்மா புது சர்க்யூட்டு'ன்னு முடிச்சிடுவாரு... இப்போ?

மாமியார்: வலது.

மருமகள்: இப்போ?

மாமியார்: இடது.

மருமகள்: போதும் அத்தை.

மாமியார்: ஏன், இன்னும் பத்துகூட ஆகலையே?

மருமகள்: இன்னைக்கு ஆரம்பத்துலேர்ந்தே ரெண்டு வாட்ச்சும் ஒண்ணுதான். ஒரே முறை, ஒரே நிறம்.

மாமியார்: அப்ப நான் சொன்னதெல்லாம்?

மருமகள்: நான் வேணும்னேதான் காலை ஆட்டினேன். செருப்பு சத்தம் கேட்டா இடதுன்னீங்க. கேக்கலன்னா வலதுன்னீங்க.

மாமியார்: அடிப்பாவி...

மருமகள்: போன மாசம் இடது வர்றப்பெல்லாம் தெரியாம ஆட்டியிருக்கேன். பட்டன் அமுக்குறவங்களுக்கு எது எதுன்னு தெரியவே கூடாது, அதான் விதி. வீடுதானேன்னு நானே அமுக்கினேன். தப்பு என் மேல.

மாமியார்: உன் மேல என்ன தப்பு? வலது கண்ணுல புரை முத்திப்போச்சுன்னு ஆறு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. இடதுலயும் ஆரம்பம். எனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒரே அழுக்கு நிறம்தான்.

மருமகள்: எங்ககிட்ட ஏன் சொல்லல?

மாமியார்: சொன்னா உடனே ஆபரேஷன்ம்பே. லீவு போட்டுட்டு, சொட்டு மருந்தும் கையுமா என் பக்கத்துல உட்காருவே. மூணு வருஷ உழைப்புடி உனக்கு... அதோட, 'எங்க அத்தை கண்ணு யாருக்கும் வராது'ன்னு பார்க்கிறவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே. அந்தப் பேரை இழக்க மனசு வரல.

மருமகள்: நல்ல ஆளு அத்தை நீங்க.

மாமியார்: திட்டுறதை அப்புறம் திட்டு. நாளைக்கு அந்தத் தாளைக் காட்டிடு.

மருமகள்: அத்தை...

மாமியார்: காட்டுன்னா காட்டு. உன் முறை நெஜமாவே நல்ல முறைதானே? தாள் பொய்யின்னு உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஜெயிச்சுட்டு வா. மறுநாளே ஆபரேஷனுக்கு வர்றேன். சத்தியமா.

மருமகள்: மீட்டிங் போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சு அத்தை. நீங்க கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு பேப்பர் படிக்கிறதைப் பார்த்தப்பவே எனக்கு சந்தேகம், தாளை நானே திருப்பி வாங்கிட்டேன், பழைய முறையேன்னு முடிவாயிடுச்சு... எழுந்திருங்க, நாலு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு, ஒரு மாசம் லீவும் போட்டாச்சு.