பத்துப் பல்லு ஷாப்ட்டு

மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணவன் வேற யாரும் இல்ல தம்பி, என் கூடப் பொறந்தவன்தான். பச்சையப்பன். எனக்கு மூணு வயசு சின்னவன். அவன் மட்டும் அன்னிக்கு அந்த ரேடியேட்டர என்னைக் கேக்காம கழட்டாம இருந்திருந்தான்னா, நான் இன்னாத்துக்கு இந்த வேகாத வெயில்ல கும்மிடிப்பூண்டி வரைக்கும் வந்து உங்க இரும்புக் குவியலுக்கு முன்னாடி நின்னுக்கினு கீறேன்?

வரேன், வரேன், விசயத்துக்குத்தான் வரேன். கேட்டுல உக்காந்துகிறாரே வாச்மேன், அவர்தான் சொன்னாரு, யார்டுக்கு இன்சார்ஜ் ஆகாஷ் சாரு, அவரு மனசு வெச்சா நடக்கும்னு. நீங்கதானே? என் பேரு அரசப்பன். பொன்னேரி தாண்டி ஏரிக்கரை ஓரம் ஊரு. நெல்லு போடுறவன்.

அதோ பாருங்க. அந்தக் குவியல்ல, பீரோவுக்கும் லாரி கேபினுக்கும் நடுவுல மூக்க மட்டும் நீட்டிக்கினு கீதே, பச்சைக் கலர்ல. அது ஜீப்பு. பழைய மாடலு. வேலிக்கு அந்தாண்ட நின்னே பார்த்துட்டேன், முன்னாடி ஆக்சில் ஒழுங்கா கீது. அதுக்குள்ள ஒரு ஷாப்ட்டு கீது. ஒரே ஒரு ஷாப்ட்டு. அத்த குடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்.

எடை போட்டாச்சா? அதனால இன்னா? வண்டியில ஒடைஞ்ச கலப்பைக் கொழு ரெண்டு போட்டுக்கினு வந்துகிறேன். ஷாப்ட்டு எடைக்கு மேலயே இருக்கும். அத்த நீங்க வெச்சுக்கோங்க, இத்த எனக்குக் குடுங்க. உங்க உலைக்கு எல்லா இரும்பும் ஒண்ணுதானே? எனக்குத்தான் ஒண்ணு இல்ல.

இன்னா தம்பி சிரிக்கிறீங்க? இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. ஜீப்புன்னா நாலு வீலும் இழுக்கணும். முன்னாடி வீலு ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு ஷாப்ட்டு. ஒண்ணு நீட்டு, ஒண்ணு கட்டை. எனக்கு வேண்டியது கட்டை. அதோட நுனியில பல்லு பல்லா வெட்டிகிறாங்களே, அது பத்து இருக்கணும். அந்த ஷாப்ட்டு ஒடைஞ்சுதுன்னா முன்னாடி வீலு ரெண்டும் சும்மா உருள்றதோட சரி. பின்னாடி வீலு மட்டும்தான் தள்ளும். தார் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. ஐப்பசி பொறந்து எங்க ஊரு களிமண்ணுல எறக்கிப் பாருங்க, அப்பத் தெரியும்.

பத்தே பத்து பல்லு. அதுக்குத்தான் ஆறு மாசமா நாயா அலையறேன்.

பொன்னேரியில ராபின்னு ஒரு மெக்கானிக்கு. கைவேலை சுத்தம், வாய்தான் ஒன்றரை மொழம். பெருசு, இந்த மாடலுக்கு ஸ்பேரு கேக்கறதுக்கு, எமனாண்ட போயி அவன் எருமைக்கு ஸ்பேரு கேளு, சீக்கிரம் கெடைக்கும்ன்றான். சரின்னு ஷோரூமுக்குப் போனேன். உள்ள ஏசி. செருப்ப வெளியவே வுட்டுட்டுப் போனேன். டை கட்டின பையன் கம்ப்யூட்டர தட்டு தட்டுன்னு தட்டிட்டு, இப்படி ஒரு வண்டி லிஸ்ட்டுலயே இல்லியேன்றான். இல்லாத வண்டியாடா முப்பது வருசமா நெல்லு மூட்டை தூக்குது? வேணும்னா முழு ஆக்சிலா வரவழைக்கலாம், அறுபதாயிரம் ஆவும்னான். ஒரு மொழ ஷாப்ட்டு கேட்டா ஊட்டுக் கூரையவே மாத்தச் சொல்றான் பாருங்க. திரும்பி வெளிய வந்தா செருப்பக் காணோம்.

அப்பறம் புதுப்பேட்டை. ஒர்த்தன், பேரு சொல்ல மாட்டேன், அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும். கிரீஸு பூசி, பேப்பரு சுத்தி, அசல் மிலிட்டரி சரக்கு பெரியவரேன்னு கையில வெச்சான். டப்பு எண்ணி வாங்கிக்கினான். மின்சார ட்ரெயின்ல வர்றேன், மனசு கேக்கல. மீஞ்சூர் தாண்டுனதும் பேப்பர பிரிச்சு எண்ணுறேன், இருபத்தேழு பல்லு வருது. மறுபடி எண்ணுறேன், இருபத்தேழு. எதுருல கூடைய வெச்சுக்கினு உக்காந்திருந்த மீன்காரம்மா, இன்னா நைனா, கொழந்தைக்குப் பல்லு மொளைச்சுகிதான்னு கேக்குது. வண்டி மொத்தமும் சிரிக்குது. மறுநா திரும்பிப் போனா, வித்த சரக்கு வாபஸ் இல்லன்னு அந்தாளு போர்டக் காட்டுறான். எனக்குப் படிக்கத் தெரியாதுய்யான்னேன். அதுக்குத்தான் நானே படிச்சுக் காட்டுறேன்னான்.

லேத்துப் பட்டறையில புதுசா ஒண்ணு கடையச் சொன்னேன். கடைஞ்சான். பார்க்க மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருந்துச்சு. மாட்டி வயல்ல எறக்குனேன், நாலாம் நாளு கரும்பு மாதிரி முறுக்கிக்கிச்சு. வள்ளூர்ல ஒரு கான்ட்ராக்டரு ஊட்டாண்ட இதே மாடலு நிக்குதுன்னாங்க. போனா அந்தாளு, ஷாப்ட்டு தனியா தர மாட்டேன், வண்டியோட எடுத்துக்கோன்றான். ஆர்.கே.பேட்டையில ஒண்ணு கீதுன்னு ரெண்டு பஸ்ஸு மாறிப் போனேன். ஜீப்ப பாதியா அறுத்து, பின்பாதியில கோழி அடைச்சு வெச்சுகிறான். முன்பாதி எங்கய்யான்னா, ஓட்டல்காரன் வாங்கிக்கினு போயி செவுத்துல பதிச்சுக்கினானாம், வர்ற பசங்க போட்டோ எடுக்க. அப்போ ஆக்சிலுன்னேன். அது எடைக்குக் கும்மிடிப்பூண்டி போயிடுச்சேன்னான். எங்க போயி எத்த கேட்டாலும் கடைசியில உங்க பக்கம்தான் கைய காட்டுறாங்க.

அதான் காலையில நாஷ்டா கூட துன்னாம நேரா இங்க வந்துட்டேன்.

ரேடியேட்டரா? அத்த கேளுங்க. அதுலதானே எல்லாம் ஆரம்பிச்சுது. நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்த காலத்துல ஒரு ஏலத்துல மூணு ஜீப்பு எடுத்தோம். ஆளுக்கு ஒண்ணு ஓட்டறதுக்கு. மூணாவது, பிரிக்கறதுக்கு. பழைய வண்டி வெச்சுகிறவன் எல்லாம் அப்பிடித்தான் பண்ணுவான், ஓடுறதுக்கு ஓடாதது சோறு போடணும். எடுத்துக்கினு வந்த அன்னிக்கே ரெண்டு பேரும் உக்காந்து பார்ட்ஸு பார்ட்ஸா புள்ளி குத்துனோம். என்துக்கு ஒரு புள்ளி, அவன்துக்கு ரெண்டு, பொதுவுக்கு மூணு. பட்டறைக்காரன் மாத்திட்டான்னா தெரியணும் பாருங்க. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். மூணு புள்ளியில கைய வைக்கறவன் அடுத்தவன ஒரு வார்த்தை கேக்கணும்.

பதினோரு வருசம் அப்பிடித்தான் கேட்டோம். ஒரு நாளு நான் நடவுல கீறேன். இவன் பாட்டுக்குப் பொது வண்டியிலேர்ந்து ரேடியேட்டர கழட்டி மாட்டிக்கினு எனக்கு எதுருலயே ஓட்டிக்கினு போறான். இன்னாடான்னா, அவசரம்ணான்றான். அவசரக்காரனுக்கு வாய் இருக்காதா? நட்டுக்கு நட்டு கேட்டவன், இம்மாம் பெரிய ரேடியேட்டருக்குக் கேக்க மாட்டானா? அன்னிக்கே பொது வண்டி நின்ன ஷெட்டுக்குப் பூட்டு போட்டேன். ஷெட்டு என் பக்கத்துலதான்.

அன்னியோட பேச்சுவார்த்தை நின்னுச்சு. எதுனா சொல்லணும்னா என் பொண்டாட்டி சந்திரகலாவ நடுவுல நிக்க வெச்சுத்தான் சொல்லுவான். நானும் அப்பிடித்தான். அது பாவம், ரெண்டு பக்கமும் தலைய ஆட்டிக்கினு நிக்கும். முன்னல்லாம் எங்க ஊட்டு முக்குல திரும்பறப்போ ரெண்டு ஹாரன் அடிப்பான். அண்ணி, மோரு எடுத்தான்னு அர்த்தம். அத்தயும் நிறுத்திட்டான். எங்கம்மா பூவம்மா அவன் ஊட்டோட தங்கிடுச்சு. நான் கூப்புட்டா, நீ பூட்டத் தெறந்தப்பறம் வரேன்டான்னுச்சு. எனக்கு அதுலயும் வருத்தம்தான்.

அந்த மூணாவது வண்டியில இருந்த ஷாப்ட்டா? அது இல்ல. முழுசா எடைக்குப் போட்டாச்சு. யாரா? நான்தான் போட்டேன். ஏன்னா... அது ஒரு பேஜாரு, வுடுங்க.

ஐயோ, தம்பி! அந்தக் காந்தம் அந்தாண்ட போவுது பாருங்க! கிரேன்காரர நிறுத்தச் சொல்லுங்க, அது தூக்கிப் போட்டுச்சுன்னா போச்சு! ஏம்பா, ஏய்! நிறுத்துப்பா!

...நிறுத்திட்டாரா? நீங்க நல்லா இருக்கணும். கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

எதுல வந்தேனா? வெளிய நிக்குதே ஜீப்பு, அதுலதான். ஆமா. நல்லா ஓடுதே. நாலு வீலும் யானை மாதிரி இழுக்கும். நான் எங்க என் வண்டிக்குன்னு சொன்னேன்? லேத்துல கடைஞ்சத என்துல மாட்டுனது சோதிச்சுப் பார்க்கத்தான். ஷாப்ட்டு வேணும்னுதானே சொன்னேன்? அவன் வண்டிக்குத்தான். பச்சையப்பனுக்கு. ஒம்போது வருசமா மாட்டுக்கொட்டாய் பின்னாடி நிக்குது. போன தடவ ராபின் சொன்னான், இந்த மழைக்கு முன்னாடி அத்த எடைக்குப் போடப் போறானாம். இங்கதான் வரும், உங்களாண்ட.

என்துல இருக்கறத கழட்டிக் குடுக்காமயா இருப்பேன்? குடுத்தேன். ஒரு சாக்குல சுத்தி அவன் வாசல்ல வெச்சுட்டு வந்தேன். மறுநா காலையில அதே சாக்கு, அதே முடிச்சு, என் வாசல்ல. அந்த ஒரு புள்ளியப் பார்த்துட்டான். அதான் புள்ளி இல்லாததா தேடுறேன். புதுப்பேட்டையிலேர்ந்து வந்துதுன்னு சொல்லி நான் மாட்டிக் குடுக்கறேன் பெருசுன்னு ராபின் சொல்லிகிறான். என் பேரு வராது.

துரோகிக்கு எதுக்குன்னு கேக்கறீங்க. கேக்கத்தான் செய்வீங்க.

ஒம்போது வருசத்துக்கு முன்னாடி கார்த்திகையில ஒரு புயலு வந்துச்சு. வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி இவன் எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறான். உள்ள நான் உக்காந்துகிறது தெரியும். தெரிஞ்சுக்கினே சந்திரகலாவண்ட சொல்றான். அண்ணி, கட்டை ஷாப்ட்டு ஒடைஞ்சுகிது, மழை வருது, ஷெட்டு சாவி வேணும்னு. கேட்டான் தம்பி. சட்டப்படி கேட்டான். நானும் அவளண்டயே சொன்னேன். ரேடியேட்டருக்குக் கேக்காதவன் ஷாப்ட்டுக்கு மட்டும் இன்னாத்துக்குக் கேக்கறான், போவச் சொல்லுன்னு. போயிட்டான்.

மூணாம் நாளு மத்தியானம். பேய் மழை. அவன் வண்டி சத்தம் கேக்குது. தார் ரோட்டுக்குப் போவணும்னா எங்க ஊட்டு முக்குல திரும்பித்தான் ஆவணும், வேற வழி கெடையாது. திரும்பிப் போனான். கொஞ்சம் தள்ளி மதகாண்ட போயி மாட்டிக்கிச்சு. பின்னாடி வீலு மட்டும் சுத்துற சத்தம் எனக்குத் தெரியாதா? உர்ரு உர்ருன்னு முக்குது. முக்கா மணி நேரம். சந்திரகலா சொல்லுது, ஒரு கயிறு கட்டி இழுத்து வுட்டுட்டு வாயேன், புண்ணியமாப் போவும்னு. கெடக்கட்டும்னேன். டீ போடச் சொன்னேன். குடிச்சேன் தம்பி. சூடா குடிச்சேன்.

அப்பறம் சத்தம் நின்னுடுச்சு.

வண்டியில எங்கம்மா இருந்துச்சு. நெஞ்சு வலி. நூத்தியெட்டு தார் ரோட்டுல வந்து நின்னுக்கினு கீது. ரோடு தெரியாம தண்ணி, அதால உள்ள வர முடியல. மதகுலேர்ந்து பார்த்தா அது வெளக்கு சுத்தறது தெரிஞ்சுகிது. அம்மா அத்த பார்த்துக்கினே இருந்துச்சாம். இது கூட அவன் சொல்லல, ஊரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காரியத்துக்கு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மொட்டை போட்டோம். தோளு இடிக்குது. என்னைத் திட்டுவான், அடிப்பான்னு பார்த்தேன். தலையத் தொடைச்சுக்கினு எழுந்து போயிட்டான். பதினேழாம் நாளு நான் பூட்ட ஒடைச்சேன், சாவிய எடுக்கக் கை வரல. மூணு புள்ளி வண்டிய அப்பிடியே லாரியில ஏத்தி அனுப்பிச்சேன். ஷாப்ட்டோடதான்.

நான் பண்ணது தப்புன்னு ஊரே சொல்லுது. சொல்லட்டும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க படிச்சவரு, நாயத்த நீங்களே சொல்லுங்க. முக்குல திரும்பறான். உள்ள நான் கீறேன், தெரியும். வாசல்ல நாலு வீலும் இழுக்கிற வண்டி நிக்குது, அதுவும் தெரியும். சீட்டுல நம்ம அம்மா படுத்துகிது. எனக்குத் தெரியாதே. பேச வேணாம். எறங்க வேணாம். கைய எடுத்து ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா நான் எழுந்து ஓடி வந்திருக்க மாட்டேனா?

ஸ்பேனரு என் வண்டியில கீது, நானே கழட்டிக்கறேன். கலப்பைக் கொழுவ எங்க எறக்கணும்னு மட்டும் சொல்லுங்க. வண்டிய அவன் ஓட்டட்டும். எங்க வேணா போவட்டும். முக்குல திரும்பித்தானே ஆவணும். அந்த ஒரு ஹாரன் அவன் எனக்குத் தரணும் தம்பி. ஒம்போது வருசமா பாக்கி.